கனத்த கோலைக் குறைத்த மருத்துவர்

மீன் பிடிப்பவர் கையில் இருக்கும் தூண்டில் கோல் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? நமக்கு இது சாதாரணக் கேள்வியாகத் தெரியலாம். 150 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் இதைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த விவாதத்தின் நடுவில் நின்றவர் ஒரு மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆற்றங்கரையில் கழித்தவர். அறுபது வயதில் மருத்துவத்தை விட்டு அரசு மீன் குஞ்சு பொரிப்பகத்துக்குப் பொறுப்பேற்றார். அங்கே போன பிறகுதான் மீனின் விதி தூண்டில்காரர் கையில் மட்டும் இல்லை, உழவரின் வாய்க்கால் மதகிலும் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தார். அவர் பெயர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஹென்ஷால்.

மீன் வளர்ப்போருக்கும், பாசன வாய்க்கால்களை நம்பி இருப்போருக்கும், கிராமங்களில் விரிவாக்கப் பணி செய்வோருக்கும் அவர் வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

இரண்டு மீன்கள்

முதலில் அந்த ஊர் மீன்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம். டிரவுட் குளிர்ந்த, ஓடும் நீரில் வாழும் மீன். நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்ப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வானவில் டிரவுட்டைத்தான். நீர் சூடேறினால் அது தாங்காது. பாஸ் அப்படியல்ல. மிதமான சூட்டையும், கலங்கிய குளத்து நீரையும் தாங்கும். அதில் முக்கியமானவை இரண்டு வகை. சிறுவாய் பாஸ் பாறையும் கூழாங்கல்லும் உள்ள ஆறுகளை விரும்பும். பெருவாய் பாஸ் குளம், குட்டை, பாசி படர்ந்த ஓரங்களை விரும்பும். இரண்டுமே மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும்.

அந்தக் காலத்தில் டிரவுட்தான் கௌரவமான மீன். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கப்படி, அதற்கென்று தனிக் கோல், தனி நூல், இறகால் கட்டிய போலி ஈ என்று எல்லாம் இருந்தன. பாஸை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கடையில் அதற்கென்று ஒரு கோல்கூடக் கிடைக்காது. டிரவுட் கோலையோ, கடல் மீனுக்கான கோலையோ எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இந்த நிலையை மாற்றியவர் ஹென்ஷால்.

மருத்துவம் ஒரு கையில், தூண்டில் ஒரு கையில்

ஹென்ஷால் 1836இல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பிறந்தார். இளம் வயதில் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டிக்கு வந்து, அங்கேயே மருத்துவம் படித்தார். பிறகு கென்டக்கி மாநிலத்தில் சிந்தியானா என்ற சிறிய ஊரில் மருத்துவராக இருந்தார். அந்த ஊரை ஒட்டி லிக்கிங் ஆற்றின் ஒரு கிளை ஓடுகிறது. கென்டக்கி ஆறுகள் பாஸ் மீனுக்குப் பேர் பெற்றவை.

அடுத்து விஸ்கான்சின் மாநிலத்தில் ஓகோனமோவாக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அந்த வட்டாரம் முழுக்க ஏரிகள். ஆற்று மீனைத் தெரிந்து வைத்திருந்தவருக்கு இங்கே ஏரி மீனின் பழக்கமும் பிடிபட்டது. எந்த மாதம் எந்த ஆழத்தில் இருக்கும், நீர் எவ்வளவு சூடானால் கரைக்கு வரும், எப்போது முட்டையிடும், எதைத் தின்னும் என்று ஒவ்வொன்றையும் கவனித்தார். நாடி பார்த்துக் குறிப்பெடுக்கும் மருத்துவரின் பழக்கம் மீன் விஷயத்திலும் அவருக்குக் கைகொடுத்தது.

1870களில் மீன்பிடி, வேட்டை பற்றிய வார இதழ்கள் அமெரிக்காவில் பரவலாக வந்தன. ஹென்ஷால் அவற்றில் தொடர்ந்து எழுதினார். அவர் எழுத்தில் அடிக்கடி வந்த பேச்சு, பாஸ் மீனுக்குப் பொருத்தமான இலேசான கருவி வேண்டும் என்பதுதான்.

கடிகாரக்காரர்கள் செய்த ரீல்

இலேசான கோல் என்ற எண்ணம் திடீரென்று வந்ததல்ல. அதற்கு முன்பே கென்டக்கியில் ஒரு நல்ல கருவி இருந்தது. 1800களின் தொடக்கத்தில், கென்டக்கியில் உள்ள பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி இருந்தார். மீன் பிடிப்பதில் ஆர்வம் உள்ளவர். கடிகாரத்துக்குப் பல்சக்கரம் கடையும் அதே கையால் ஒரு தூண்டில் ரீல் செய்தார். சாதாரண ரீலில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் உருளையும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். கென்டக்கி ரீலிலோ கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்று ஓடும். பின்னாளில் நான்கு சுற்று என்பதே வழக்கமாயிற்று. பிராங்க்ஃபர்ட் நகரில் மீக் சகோதரர்களும், அவர்களிடம் தொழில் கற்ற மைலமும் இந்த வகை ரீல்களை மிக நுட்பமாகச் செய்து விற்றார்கள்.

இந்த ரீலின் பெரிய பயன் நூலைச் சுற்றுவதில் மட்டும் இல்லை, எறிவதிலும் இருந்தது. உருளை தடையில்லாமல் ஓடுவதால், சின்ன மீனை இரையாகக் கோத்து எறிந்தால் நூல் தானாக உருவிக்கொண்டு தூரம் போகும். எறிபவர் கட்டை விரலை உருளை மேல் மெதுவாக வைத்து அதன் வேகத்தை அடக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டால் உருளை நூலைவிட வேகமாகச் சுற்றி, நூல் எல்லாம் பறவைக் கூடு போலச் சிக்கிவிடும். அழுத்தி வைத்தால் இரை பாதி வழியிலேயே விழும். கை பழகினால்தான் சரியாக வரும்.

ஆனால் ரீல் நன்றாக இருந்து என்ன பயன்? அதைப் பொருத்தும் கோல் பன்னிரண்டு அடி, சில சமயம் அதற்கும் மேல் நீளம். நாள் முழுக்க அதைத் தூக்கி எறிந்தால் தோள் கழன்றுவிடும். அரைக் கிலோ மீன் மாட்டினால் கோலுக்கு அது தெரியவே தெரியாது.

எட்டேகால் அடி

ஹென்ஷால் தன் கோலைத் தானே வடிவமைத்தார். நீளம் எட்டேகால் அடி. எடை ஏறக்குறைய கால் கிலோ. அடிப்பாகத்துக்கு ஆஷ் என்ற உறுதியான மரம். நுனிப்பாகத்துக்கு லான்ஸ்வுட் என்ற, வளைந்தாலும் உடனே நிமிரும் மரம்.

இந்த அளவை அவர் குத்துமதிப்பாக எடுக்கவில்லை. ஒரு கோல் மூன்று வேலை செய்ய வேண்டும் என்று பிரித்துப் பார்த்தார். முதலாவது, உயிருள்ள சின்ன மீனை அது சாகாமல், முள்ளிலிருந்து கழன்று விழாமல் எறிய வேண்டும். கோல் மிகவும் விறைப்பாக இருந்தால் இரை பிய்ந்து போகும். இரண்டாவது, மீன் கவ்வியவுடன் முள்ளைப் பதிய வைக்க வேண்டும். கோல் துவண்டு போனால் முள் பதியாது. மூன்றாவது, மாட்டிய மீன் பாய்ந்து திமிறும்போது கோல் வளைந்து கொடுத்து நூலைக் காப்பாற்ற வேண்டும். வளையாத கோலில் நூல் அறும், இல்லையென்றால் மீனின் வாய் கிழியும். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு சமநிலை வேண்டும். அதுதான் அந்த எட்டேகால் அடி.

புதிய கருவி எது வந்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். இவ்வளவு சின்னக் குச்சியில் பெரிய மீன் மாட்டினால் என்ன ஆகும் என்பது பலரின் கேள்வி. பதில் கோலிலும் ரீலிலும் சேர்ந்தே இருந்தது. மீன் இழுக்கும்போது கட்டை விரலால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, அது களைக்கும்போது சுற்றிக்கொள்ள வேண்டும். பலத்தால் தூக்கி எறியும் வேலை இல்லை. வண்டி மாட்டை மூக்கணாங்கயிற்றால் நடத்துவது போன்ற வேலை. ஆற்றில் இறங்கி முயன்று பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்தது. கோல் தயாரிக்கும் நிறுவனங்கள் அவர் பெயரிலேயே ஹென்ஷால் கோல் என்று செய்து விற்றன.

அதே காலத்தில் மூங்கிலை நீளவாக்கில் சிம்புகளாகப் பிளந்து, ஆறு சிம்புகளை ஒட்டிக் கோல் செய்யும் முறையும் வளர்ந்தது. அதற்கான மூங்கில் நம் நாட்டிலிருந்து கப்பலில் போனது. கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து போனதால் கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். பிற்பாடு தென்சீன மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூங்கில் வந்த பிறகு கோல்கள் இன்னும் இலேசாயின. அடுத்த தலைமுறையினர் கோலை ஆறடி வரை குறைத்தார்கள். இலேசான கருவி என்ற பாதையில் பாஸ்காரர்களுக்கு முதல் வழிகாட்டியவர் ஹென்ஷால் என்பதில் சந்தேகம் இல்லை.

1881இல் வந்த புத்தகம்

1881இல் சின்சினாட்டியிலிருந்து அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. முழுக்க முழுக்கப் பாஸ் மீனைப் பற்றியது. மூன்று பகுதிகள். முதல் பகுதி மீனின் அறிவியலும் வாழ்க்கை முறையும். இரண்டாவது கருவிகள். மூன்றாவது பிடிக்கும் முறை. டிரவுட்டைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருந்த காலத்தில், பாஸுக்கென்று வந்த முதல் முழு நூல் அது.

முதல் பகுதியில் அவர் எடுத்துக்கொண்ட வேலை பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது. நம் ஊரில் ஒரே களைச்செடிக்கு மாவட்டத்துக்கு ஒரு பெயர் இருப்பதுபோல், பாஸுக்கும் ஊருக்கு ஒரு பெயர். தென் மாநிலங்களில் அதையே டிரவுட் என்றார்கள். வேறு சில இடங்களில் சால்மன் என்றார்கள். அறிவியல் பெயர்களோ அதைவிட மோசம். 1802இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேட் சிறுவாய் பாஸுக்கு ஒரு பெயர் வைத்தார். அவர் கைக்கு வந்த மீனின் முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. கிழிந்த பின்பகுதியைத் தனியான சின்னத் துடுப்பு என்று நினைத்து, சிறுதுடுப்பு மீன் என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயர் இன்றும் மாறவில்லை. பிறகு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். ஹென்ஷால் அத்தனையையும் வரிசைப்படுத்தி, இரண்டு வகைதான் என்று தெளிவாக்கினார். பெயர் சரியாகத் தெரியாமல் எந்தக் குஞ்சை எந்தக் குளத்தில் விடுவது என்று முடிவு செய்ய முடியாதே!

அந்த நூலில் வரும் ஒரு செய்தி வேடிக்கையானது. பொட்டோமாக் ஆற்றில் முன்பு பாஸ் கிடையாது. 1854இல் ஒரு மீன் ஆர்வலர், ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டியில் சில பாஸ்களைப் போட்டு, வீலிங் பக்கமிருந்து மலை தாண்டிக் கம்பர்லேண்டுக்குக் கொண்டு வந்து விட்டார். அந்தச் சில மீன்களிலிருந்து ஆறு முழுக்கப் பாஸ் பெருகியது. ரயில் பாதை போன இடமெல்லாம் இப்படி மீனும் போயிற்று.

டிரவுட்டுக்கு எந்த வகையிலும் பாஸ் குறைந்ததல்ல என்பது ஹென்ஷாலின் உறுதியான கருத்து. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது காடு பற்றியது. மலைக்காடுகள் வெட்டப்படுகின்றன. ஆலைகளும் அணைகளும் வருகின்றன. ஓடைகள் சூடாகின்றன, வற்றுகின்றன. டிரவுட் பின்வாங்கிக்கொண்டே போகும். அப்போது சாதாரண மக்களின் மீனாக நிற்கப் போவது பாஸ்தான் என்று கணித்தார். கிழக்கு மாநிலங்களில் அப்படியேதான் நடந்தது.

அறுபதில் புதிய வேலை

1893இல் சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதில் தூண்டில் கருவிகள் பற்றிய பிரிவுக்கு ஹென்ஷால் பொறுப்பேற்றார். 1897இல் மான்டனா மாநிலத்தில் போஸ்மன் நகருக்கு அருகே புதிதாக அமைந்த அரசு மீன் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். மற்றவர்கள் ஓய்வுக்குத் தயாராகும் வயதில், ராக்கி மலையடிவாரத்துக் குளிரில் புதிய தொழிலைத் தொடங்கினார்.

டிரவுட் குஞ்சு பொரிக்கும் முறை அப்போதே நன்கு வளர்ந்திருந்தது. முட்டை முதிர்ந்த பெண் மீனின் வயிற்றை மெதுவாக நீவி முட்டைகளைப் பாத்திரத்தில் எடுப்பார்கள். அதன் மேல் ஆண் மீனின் விந்தைப் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல் முதலில் கலப்பார்கள். பிறகுதான் நீர் ஊற்றிக் கழுவுவார்கள். தட்டுகளில் பரப்பி, குளிர்ந்த ஊற்று நீர் ஓடும் தொட்டியில் வைப்பார்கள். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை அன்றன்றே பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்து மற்றவற்றுக்கும் பரவும். முட்டைக்குள் கருப்பாகக் கண் தெரியத் தொடங்கினால் அது ஓரளவு உறுதியாகிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தில் ஈரப் பாசியில் அடுக்கி, பனிக்கட்டி வைத்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

மான்டனாவில் ஹென்ஷால் மனதைப் பறித்தது வேறொரு மீன். கிரேலிங் என்று பெயர். கொடி போல உயர்ந்த முதுகுத் துடுப்பு உள்ளது. வடக்குக் குளிர்ப் பகுதிகளை விட்டுப் பார்த்தால், அமெரிக்காவில் இந்த மீன் இரண்டே இடங்களில் இருந்தது. ஒன்று மிச்சிகன், மற்றொன்று மான்டனாவில் மிசூரி ஆற்றின் மேற்பகுதி. மிச்சிகனில் மரம் வெட்டி ஆற்றிலேயே மிதக்க விட்டார்கள். கட்டைகள் ஆற்றுப் படுகையை உழுது, முட்டையிடும் இடங்களை நாசமாக்கின. போதாததற்குக் கணக்கில்லாமல் பிடித்தார்கள். கிரேலிங் என்று அந்த மீனின் பெயரையே வைத்துக்கொண்ட ஓர் ஊர் மிச்சிகனில் இன்றும் இருக்கிறது. மீன்தான் இல்லை.

மான்டனாவிலும் அதே கதி வந்துவிடக் கூடாது என்று ஹென்ஷால் நினைத்தார். கிரேலிங் முட்டை டிரவுட் முட்டையைவிடச் சிறியது. பொரிக்கும் காலமும் குறைவு. டிரவுட்டுக்கு ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகும் என்றால், இதற்கு இரண்டு வாரம் அளவில் போதும். அதனால் டிரவுட் முறையை அப்படியே பின்பற்ற முடியாது. முட்டை எடுக்கும் பருவம், பாத்திரம், நீரோட்டம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து வழி கண்டார். மான்டனா கிரேலிங்கைப் பெருமளவில் செயற்கை முறையில் பொரித்துக் காட்டியது அவர் நடத்திய பொரிப்பகம்தான். அந்த நாட்களில் மான்டனாக் கிரேலிங் மிச்சிகனுக்கும் போயிற்று. ஆனால் கெட்டுப்போன ஆறு அவற்றை ஏற்கவில்லை. விதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிலம் சரியில்லாமல் பயிர் எழும்பாது அல்லவா?

வயலில் செத்த மீன்கள்

போஸ்மன் இருப்பது கேலட்டின் பள்ளத்தாக்கில். கோதுமை, பார்லி, வைக்கோலுக்கான புல் விளையும் வளமான பூமி. மழை குறைவு என்பதால் ஆறுகளிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் விவசாயம். கோடையில் தலைமதகைத் திறந்தால் ஆற்று நீரோடு மீனும் வாய்க்காலுக்குள் வந்துவிடும். குறிப்பாகக் குஞ்சுகள் நீரோட்டத்தை எதிர்க்க முடியாமல் அடித்துக்கொண்டு வரும். வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அங்கிருந்து மடை, மடையிலிருந்து வயல். பாய்ச்சி முடித்து மதகை மூடினால் மீன்கள் வயலிலும் வாய்க்காலிலும் கிடந்து சாகும்.

பொரிப்பகத்தில் பாடுபட்டு வளர்த்து ஆற்றில் விடும் குஞ்சுகள் இப்படி வயலுக்கு எருவாகப் போவதை ஹென்ஷால் பார்த்தார். தூண்டில்காரர்களைக் கட்டுப்படுத்துவதால் மட்டும் பயனில்லை, வாய்க்கால் வாயைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

உழவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தலைமதகில் கம்பிவலை அடித்தால் இலை, தழை, குச்சி எல்லாம் வந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் குறையும். பயிர் வாடும் நேரத்தில் எவர்தான் வலையை விட்டு வைப்பார்? பிடுங்கி எறிந்துவிடுவார்கள். எனவே அடைக்காத ஒரு வழி தேவைப்பட்டது. நீரின் விசையாலேயே சுழலும் துடுப்புச் சக்கரத்தை வாய்க்கால் வாயில் வைப்பது ஒரு யோசனை. சுழலும் சக்கரத்தைக் கண்டு மீன் விலகும், தழை மட்டும் கடந்து போய்விடும். பாசனத்தைத் தடுக்காமல் மீனைக் காப்பதுதான் இதன் நோக்கம். ஒருவர் நட்டப்பட்டு மற்றவர் வாழ வேண்டும் என்ற நிலை இருந்தால் எந்தச் சட்டமும் நிற்காது.

விதைத்ததில் நேர்ந்த பிழை

ஹென்ஷால் காலத்து மீன்வளத் துறையினர் அனைவரும் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கிரேலிங்கைக் காக்கப் பாடுபட்டார். ஆனால் அதே போஸ்மன் பொரிப்பகத்திலிருந்து கிழக்கு மாநிலத்து புரூக் டிரவுட்டும், மேற்குக் கடற்கரை ஆறுகளின் வானவில் டிரவுட்டும் மான்டனா ஓடைகளுக்குப் போயின. மக்கள் கேட்டார்கள், அரசு கொடுத்தது. நீர் இருக்கும் இடமெல்லாம் மீன் விட வேண்டும் என்பது அன்றைய கொள்கை.

வந்த மீன்கள் நன்றாகப் பெருகின. உள்ளூர் கட்த்ரோட் டிரவுட்டையும் கிரேலிங்கையும் பல ஓடைகளிலிருந்து நெருக்கித் தள்ளின. வானவில் டிரவுட் கட்த்ரோட்டோடு கலந்து இனத்தையே மாற்றியது. பாஸும் அப்படித்தான். புதிய நாடுகளுக்குக் கொண்டு போகப்பட்ட இடங்களில் உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்த கதைகள் உண்டு. ஹென்ஷாலைப் போன்ற கூர்ந்த பார்வை உள்ளவர்களுக்கே இந்த ஆபத்தின் முழு அளவு அன்று தெரியவில்லை. வெளியூர் மீனைத் திறந்த நீரில் விடுவது திரும்பப் பெற முடியாத காரியம். விடும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

பண்ணைக் குட்டைக்குத் திரும்பினார்

1909இல் ஹென்ஷால் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ பொரிப்பகத்துக்கு மாறினார். குளிர் மலையிலிருந்து வெப்பமான பருத்தி நாட்டுக்கு வந்தார். இங்கே டிரவுட் இல்லை. பாஸும், குட்டையில் வளரும் மற்ற வெதுநீர் மீன்களும்தான். வாழ்நாள் முழுக்க எழுதிய மீனைத் தன் கையால் வளர்க்கும் வாய்ப்பு எழுபது வயதுக்கு மேல் கிடைத்தது.

பாஸை டிரவுட் போல நீவி முட்டை எடுத்துப் பொரிக்க முடியாது. ஆண் மீன் குளத்து ஓரத்தில் வாலால் கூழாங்கல்லைச் சுத்தம் செய்து கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போனதும் ஆண் காவல் இருக்கும். முட்டை மேல் அழுக்குப் படியாமல் துடுப்பால் விசிறும். நெருங்கும் மீனை விரட்டும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் கூடவே நிற்கும். இந்த வேலையைத் தொட்டியும் தட்டும் செய்ய முடியாது. எனவே தாய்மீன்களைக் குளத்தில் விட்டு, ஓரத்தில் கூழாங்கல் பரப்பி, இயற்கையாக முட்டையிட விடுவதே முறை. மனிதன் செய்ய வேண்டியது நீர்மட்டம் ஏறி இறங்காமல் பார்ப்பதும், குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும் முன் பிடித்துப் பிரிப்பதும்தான்.

அமெரிக்க அரசு அந்நாளில் விண்ணப்பித்த உழவர்களுக்குக் குட்டைக்கான மீன் குஞ்சுகளை இலவசமாகவே கொடுத்தது. பால் கேன் போன்ற தகரப் பாத்திரங்களில் குஞ்சுகளை நிரப்பி, மீனுக்கென்றே கட்டிய ரயில் பெட்டிகளில் அனுப்புவார்கள். குறித்த நாளில் உழவர் வண்டியோடு ரயில் நிலையத்தில் காத்திருந்து வாங்கிப் போவார். வாங்கிய குஞ்சை அப்படியே குட்டையில் கொட்டக் கூடாது. இரண்டு நீரின் சூடும் ஒன்றாகும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். இன்றும் மாறாத விதி இது.

கடைசிக் காலம்

எண்பது வயதைக் கடந்த பிறகு, 1917இல்தான் ஹென்ஷால் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். சின்சினாட்டிக்குத் திரும்பித் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1925இல் அங்கேயே காலமானார். பாஸ் மீனின் தூதர் என்று அவரை அமெரிக்கத் தூண்டில்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் 1881இல் எழுதிய நூல் பின்னர் திருத்திய பதிப்புகளாக வந்தது, இன்றும் படிக்கப்படுகிறது.

அவர் விட்டுப் போன வாய்க்கால் கேள்விக்கு மான்டனாவில் நெடுங்காலம் விடை இல்லாமல் இருந்தது. ஆற்றில் வாழும் கிரேலிங் குறைந்து குறைந்து, பிக் ஹோல் என்ற ஆற்றுப் பகுதியிலும் இன்னும் சில இடங்களிலும் மட்டும் மிஞ்சியது. 2006இல் அந்த ஆற்றங்கரை உழவர்களோடும் கால்நடைப் பண்ணையாளர்களோடும் அரசு ஓர் ஒப்பந்தத் திட்டம் தொடங்கியது. கோடையில் ஆற்றில் குறிப்பிட்ட அளவு நீரை விட்டு வைப்பது, மீன் வாய்க்காலுக்குள் போகாமல் தடுப்பது, தடுப்பணைகளில் மீன் ஏறிப் போக வழி வைப்பது ஆகியவை உழவர் பொறுப்பு. பதிலுக்கு, அந்த மீன் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பிற்காலத்தில் அறிவிக்கப்பட்டாலும், ஒப்பந்தத்துக்கு மேல் புதிய கட்டுப்பாடுகள் அவர்கள் மேல் விழாது என்று அரசு உறுதி கொடுத்தது. விருப்பம் உள்ளவர்கள் சேர்ந்தார்கள். ஹென்ஷால் பார்த்துக் கவலைப்பட்ட அதே வாய்க்கால்களின் தலைமதகில், நூறு ஆண்டுகள் கழித்து உழவரும் மீன்வளத் துறையினரும் சேர்ந்து நின்றார்கள்.

அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை இவை. எந்தக் கருவியையும் அது செய்ய வேண்டிய வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனமாக இருப்பதாலேயே கருவி நல்லதாகிவிடாது. ஒரு மீனுக்குச் சரியான முறை மற்றொன்றுக்குச் சரியாகாது. டிரவுட்டுக்குத் தட்டு, பாஸுக்குக் குளம். குஞ்சு விடும் முன் அதன் பெயரையும் குணத்தையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குட்டைக்கு நீர் வரும் வழியிலும் போகும் வழியிலும் வலை வைத்து, அதைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். வலை வைப்பது அரை மணி வேலை. அதைத் தினமும் பார்ப்பதுதான் மீனைக் காப்பாற்றும்.